நாலாம் நம்பர் வீட்டுப் போர்ச்சுகல்காரி

முருகேஸ்வரிக்கு அன்னைக்குப் பொழுது விடிஞ்சதே எரிச்சல்லதான். அடுப்பு முன்னால உக்காந்து ஒரு வாய் கட்டஞ்சாயா குடிக்கலை, வாசல்ல ஒரு தலை நீட்டுது. கறுப்புக் கண்ணாடி, கழுத்துல கேமரா, முழங்காலுக்கு மேல டவுசர். "ஹாய்"ங்குது.

"என்னய்யா ஹாய்யி? மனுசி பல்லு விளக்கலை, தலையை அள்ளி முடியலை, அதுக்குள்ள வந்து ஹாய்யாம்ல! போய்யா அங்கிட்டு!"

அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே ரெண்டு போட்டோ எடுத்தான். கையெடுத்துக் கும்பிட்டு நன்றி வேற சொல்லிட்டுப் போனான். திட்டுறதைக்கூட ஆசீர்வாதம் மாதிரி வாங்கிட்டுப் போறவனை என்ன செய்ய? தலையில அடிச்சுக்கிட்டுச் சாயாவைக் குடிச்சா. ஆறிப்போயிருந்துச்சு.

இந்த ரோதனை அம்புட்டும் ஒரு போர்டால வந்தது. உடும்பஞ்சோலையிலயிருந்து மேலேறி வர்ற ரோட்டுல, வளைவு திரும்புற இடத்துல, முன்னாடி தோட்டத்துப் பேரு எழுதின தகரம் ஒண்ணு தொங்கும். தோட்டம் கைமாறுச்சு. புது மொதலாளி பழைய துரை பங்களாவை ரிசார்ட் ஆக்கினாரு. ஆக்கட்டும், அவரு பங்களா, அவரு இஷ்டம். ஆனா வந்து தங்குறவனுக்கு வேடிக்கை பார்க்க ஏதாச்சும் வேணுமில்ல? ஏலச்செடியை எம்புட்டு நேரம் பார்ப்பான்? அதனால கூலியாளுக குடியிருக்கிற மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளையடிச்சு, அடியில முழம் அகலத்துக்கு நீலப்பட்டை இழுத்து, வாசலுக்கு வாசல் மண்ணுல செஞ்ச சேவல் ஒண்ணைக் கட்டித் தொங்கவிட்டு, ரோட்டுல ஆளுயரத்துக்குப் பலகை வச்சாக. "சரித்திரப் புகழ்பெற்ற போர்ச்சுகீசியக் கிராமம்"னு மூணு பாஷையில.

சரித்திரமாவது புகழாவது! லயத்துல குடியிருக்கிற அத்தனை பேரும் சின்னமனூரு, கோம்பை, தேவாரம்னு அடிவாரத்துலயிருந்து மலையேறி வந்து களை பிடுங்கினவுக வாரிசு. போர்ச்சுகல்காரன் இந்த மலைப்பக்கம் தலைவச்சுப் படுத்திருப்பானா? மேனேஜர் கபிரியேலுகிட்ட இதைக் கேட்டா, "டூரிசம் சேச்சி, டூரிசம். இதுல ஆருக்கு என்ன நஷ்டம்?"ம்பான். அவன் தொடுபுழைப் பக்கத்து ஆளு. தமிழ் பேசுவான், ஆனா பாதிக்குப் பாதி மலையாளத்துல போட்டு ஊறவச்சு எடுத்த தமிழ்.

ஆருக்கு நஷ்டம்னு முருகேஸ்வரியைக் கேட்டாத் தெரியும். செக்ரோல்ல, அதான் தோட்டத்து ஆளுக பதிவேட்டுல, பேரு இருக்கிற வரைக்கும்தான் லயத்துல வீடு. வீட்டுக்கு ஒருத்தராச்சும் தோட்டத்துல வேலை பார்க்கணும். போன வருசம் காய் எடுக்கிற சரிவுல வழுக்கி விழுந்ததுல அவளுக்கு வலது முழங்காலு வீங்கினது வீங்கினபடியே நின்னுபோச்சு. சரிவுல ஏற முடியலை, பேரை வெட்டிட்டாக. புருசன் சோலை அடுத்த மலையில ஒரு ஸ்டோர்ல ஏலக்காய் காயப்போடுற வேலையில இருக்கான். அது வேற மொதலாளி, வேற கணக்கு. ஆக, நாலாம் நம்பர் வீட்டைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துறணும்.

அந்த வீட்டுலதான் முருகேஸ்வரி பிறந்தா. அவளைப் பெத்தவ செத்ததும் அங்கேதான். சோலையே அந்த வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன். மக செல்வப்பிரியாவைத் திருப்பூர்ல கட்டிக் கொடுத்தாச்சு, அவ ஒரே அறையில நாலு பேரோட கிடக்கா. சோலை கம்பத்துல வாடகைக்கு ஒரு ரூம் பார்த்து வச்சிருந்தான். முருகேஸ்வரியும் போய்ப் பார்த்துட்டு வந்தா. வெளிச்சம்னா சுவிட்சைப் போட்டாத்தான் வெளிச்சம், அப்படி ஒரு ரூமு.

அன்னைக்கு ஒன்பது மணி வாக்குல கபிரியேல் ஓடி வந்தான். நெத்தியெல்லாம் வேர்வை, அந்தக் குளிர்லயும்.

"சேச்சி, இன்னைக்கு ஒறிஜினல் ஆளுக வருது. போர்ச்சுகல்ல இருந்து. மொதலாளி நேரா விளிச்சுச் சொல்லியிருக்காரு. அவங்க வரும்போது இந்த வீடு ஒழிஞ்சு கிடக்கணும். மனசிலாயோ?"

"ஒழிஞ்சா? நாங்க ஒழிஞ்சு போகணும்ங்கிறீகளா?"

"ஐயோ, அங்ஙனல்ல! ஒழிவாக்கணும், அதாவது... காலி, காலி!"

"சாமான் ஏத்துற வண்டி சாயங்காலம் வருதுன்னுதானே சாரு சொன்னீக?"

"சாயங்காலம் இல்ல, இப்போ. இந்த வீட்டைத்தான் போர்ச்சுகீஸ் அடுக்களையாக் காட்டப் போறோம். பீப்பாய் ரெண்டு ரெடியா வெளிய நிக்குது. கொஞ்சம் வேகம் சேச்சி, என்டெ பணி போயிடும்."

அவனையும் என்னத்தச் சொல்ல. மேல ஒருத்தன் அவனை உருட்டுறான், அவன் கீழ வந்து இவளை உருட்டுறான். ஆனா பாவம் பார்க்கிற நிலைமையில முருகேஸ்வரி இல்லை. "என் வீட்டை அடுக்களையாக்குறியே, நான் எங்கிட்டுப் போயி அடுப்பு வைக்க?"ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டா. அவன் வாட்ச்சைப் பார்த்தான். காதுல வாங்கலை.

சரி, சனியன், கிளம்பித் தொலைவோம்னு எந்திரிச்சா. பாத்திரத்தைச் சாக்குல கட்டியாச்சு. பாயும் தலைகாணியும் வாசல்ல கிடக்கு. எல்லாத்துக்கும் மேல அந்த இரும்பு அலமாரி. துணிமணி, ரேசன் கார்டு, மக கல்யாணத்துப் பட்டு, எல்லாம் அதுக்குள்ள. தூக்குறதுக்கு ரெண்டு ஆளு வந்து நிக்குறாய்ங்க. சாமானை வெளியே எடுத்தாத்தான் தூக்க முடியும். திறக்கப் போனா, சாவியைக் காணோம்.

"சாவி எங்கய்யா?"

சோலை பீடியை வாயில வச்சுக்கிட்டு முழிச்சான். "உங்கிட்டத்தான குடுத்தேன்."

"எங்கிட்டயா? எப்பக் குடுத்த? எந்த சென்மத்துல குடுத்த?"

இப்படி இவுக மல்லுக்கட்டிக்கிட்டிருக்கும்போதே கீழ ஜீப்புச் சத்தம் கேட்டுருச்சு. கபிரியேல் "ஐயோ எத்தி!"ன்னு நெஞ்சுல கையை வச்சான். மதியம் வரவேண்டியவுக முன்னாடியே வந்துட்டாக. "சேச்சி, சத்தம் கூடாது. கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருந்துக்கோ. நாலாம் நம்பரை இன்னைக்குக் காட்டாம விட்டுடலாம்"னு சொல்லிட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கீழே ஓடினான்.

முருகேஸ்வரியாவது கதவைச் சாத்துறதாவது. ஒரு சாண் திறந்து வச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தா.

ஜீப்பை ஓட்டிக்கிட்டு வந்தவன் ஆறுச்சாமி. வாளையார்க்காரன். செக்போஸ்ட்டுல லாரியோட லாரியாக் காத்துக் கிடந்து வெறுத்துப்போயி இந்த வேலைக்கு வந்தவன். இங்கிலீசு தெரியும்னு சொல்லிக்கிடுவான், அதனால அவனே டிரைவரு, அவனே கைடு. அவன் பின்னாடி இறங்கினாக வயசான ஒரு வெள்ளைக்காரரும் வெள்ளைக்காரம்மாவும். அந்த அம்மா பேரு தெரேசாவாம், ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவுக. குட்டையா, தடிச்ச காலு, கையில ஒரு குச்சி. மூஞ்சியைப் பார்த்ததும் முருகேஸ்வரிக்குத் தெரிஞ்சுபோச்சு, இதுவும் நம்மளை மாதிரி கோவக்காரிதான்னு.

தெரேசாம்மா முதல் வீட்டுச் சேவலைப் பார்த்தாக. ரெண்டாவது வீட்டுச் சேவலைப் பார்த்தாக. நீலப்பட்டையைக் குச்சியால தட்டினாக. தட்டித் தட்டி என்னமோ பொரிஞ்சு தள்ளுறாக. ஆறுச்சாமி சொரிஞ்சுக்கிட்டு நிக்குறான்.

"என்ன சொல்லுது?"ன்னு கபிரியேல் பல்லைக் கடிச்சுக்கிட்டே கேட்டான்.

"சார், சேவல் அவங்க நாட்ல ஒரு ஊர்துங்களாமா, நீலப்பட்டை வேற ஊர்துங்களாமா. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வெச்சுப்போட்டு இதென்ன கூத்துன்னு கேக்கறாங்க. அவங்கூர்ல ஊடெல்லாம் கருங்கல்லுங்களாமா, சுண்ணாம்பே அடிக்க மாட்டாங்களாமா. எங்காளுங்க இந்த மலைக்கு வந்ததாப் படிச்சதே இல்லை, பொய்யா எழுதி வெச்சிருக்கீங்கன்னு எல்லாப் பக்கமும் எழுதிப்போடுவேங்கறாங்க."

"நீ அழகா இருக்குன்னு தேங்க்ஸ் சொல்லு."

"அவங்க அழகா இருக்குன்னு சொல்லவே இல்லீங்களே சார்."

கபிரியேலு மூஞ்சி வெளிறிப்போச்சு. நல்லா வேணும்னு முருகேஸ்வரிக்கு வயிறு குளுந்துச்சு. குளுந்த வயிறு குளுந்தபடி நிக்கணுமே! திரும்பிப் பார்க்குறா, சோலை பாட்டுக்குச் சாக்கு மூட்டை மேல உக்காந்து ரெண்டாவது பீடியைப் பத்தவைக்குறான். வீடு போகுது, வாசல் போகுது, இந்த மனுசனுக்குப் புகை கேக்குது. அவளுக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. சத்தம் கூடாதுன்னு சொன்னது, வெளியே ஆளு நிக்குறது, ஒண்ணும் ஞாபகத்துல இல்லை.

"யோவ்! சாவியைத் தேடுய்யான்னா பீடியா குடிக்கிற? அலமாரிச் சாவிய்யா! மேசை மேல பார்த்தியா? ஜன்னல்ல பார்த்தியா? அந்தக் கசேரையைத் தூக்கிப் பாரு! துவாலையை உதறிப் பாரு! சாவி! சாவி! சாவி எங்கய்யா?"

வெளியே தெரேசாம்மா பேச்சு பாதியில நின்னுபோச்சு.

"ஷாவி?"ன்னாக.

கபிரியேல் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்தான். அந்த அம்மா குச்சியால அவனை ஒதுக்கிவிட்டுட்டு நேரே நாலாம் நம்பருக்கு வந்து கதவைத் தள்ளிட்டாக. உள்ளே முருகேஸ்வரி இடுப்புல சேலையைச் சொருகிக்கிட்டு, கட்டிலுக்கு அடியில தலையை விட்டுக்கிட்டுக் குனிஞ்சிருக்கா. எந்திரிச்சுத் திரும்புனா எதுத்தாப்புல வெள்ளைக்காரி.

தெரேசாம்மா குச்சியை நீட்டிக் காட்டினாக. "ஜனேலா?"

"ஜன்னலு. ஆமா. பின்ன என்ன, கதவா?" முருகேஸ்வரிக்கு எரிச்சல். கடல் தாண்டி வந்து என் வீட்டு ஜன்னலைக் காட்டி ஜன்னலாம்ல.

"மேசா?"

"மேசைதான்."

"கதேரா?"

"கசேரை. காலு ஒடிஞ்சது, உக்காந்துராதீக."

"அர்மாரியு?"

"அலமாரி. தாயி, அதைத்தான் திறக்க முடியாமக் கிடக்குறோம். சாவியைக் காணோம். நீங்க பார்த்தீகளா?"

"ஷாவி!" தெரேசாம்மா தன்னோட கைப்பையைத் திறந்து, ஏதோ ஒரு பழைய வீட்டுச் சாவி, விரல் நீளத்துக்கு இரும்புல, அதை எடுத்து ஆட்டிக் காட்டினாக. "ஷாவி! ஷாவி!"

"ஆமா, சாவி. ஆனா அது என் சாவி இல்லை" அப்படின்னா முருகேஸ்வரி.

அந்த அம்மா அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. முழங்காலு வலியில முருகேஸ்வரி "ஆத்தாடி!"ன்னு கத்தினா. தெரேசாம்மா விடலை. அழுகுறாக வேற. அவுக வீட்டுக்காரரும் உள்ளே வந்து தொப்பியைக் கழட்டிட்டு நிக்குறாரு. என்ன எழவுடா இது, யாரு செத்துப்போனதுன்னு முருகேஸ்வரிக்கு ஒண்ணும் விளங்கலை.

ஆறுச்சாமி வாசல்ல நின்னு கேட்டுக்கேட்டுச் சொன்னான். "அக்கா, அவங்க பாசையிலயும் சாவிக்குச் சாவிதானுங்களாமா. ஜன்னலு, மேசை, அலமாரி, அல்லாமே அவங்க வார்த்தைதானுங்களாமா. அவங்கூர்ல இப்ப ஆளே இல்லீங்க, ஊடெல்லாம் பூட்டிக் கெடக்குதுங்க. இந்த வார்த்தையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்றதுக்கு ஒரு பொம்பளைகூட இல்லைன்னு அழுவறாங்க." சொல்லிட்டு அவனே யோசிச்சான். கபிரியேலைப் பார்த்துத் திரும்பினான். "ஏனுங்க சார், எங்கூட்லயும் ஜன்னலுக்கு ஜன்னல்தானுங்களே. அப்ப நானும் போர்ச்சுகல்லுங்களா?"

"நீ மிண்டாமல் இரு!" கபிரியேலுக்கு உசுரு திரும்பி வந்துருச்சு. மூஞ்சியில ரத்தம் ஓடுது. முன்னால வந்து, நெஞ்சை நிமித்திக்கிட்டு, அந்த அம்மாகிட்ட இங்கிலீசுல அடிச்சு விடுறான். முருகேஸ்வரியைக் காட்டுறான், தரையைக் காட்டுறான், மலையைக் காட்டுறான், கையை விரிச்சு விரிச்சு என்னமோ தலைமுறை தலைமுறையாங்கிற மாதிரி ஆட்டுறான்.

தெரேசாம்மா நல்ல டீச்சரு போல. சந்தேகம் முழுசாத் தீரலை. ஆறுச்சாமிகிட்ட நேரே கேட்டாக, அவன் இவகிட்ட கேட்டான். "உங்க முன்னோருங்க எங்கிருந்து வந்தாங்கன்னு கேக்கறாங்கக்கா."

"எங்க பாட்டன் சின்னமனூருலயிருந்து வந்தாரு. மலையேறி நடந்தே வந்தாரு. வந்த வருசம் பாதிப் பேரு காய்ச்சல்ல செத்துப்போனாக. மிச்சம் இருந்தவுக காட்டை வெட்டி இந்த லயத்தைக் கட்டினாக. இதைச் சொல்லு."

ஆறுச்சாமி கபிரியேலைப் பார்த்தான். கபிரியேல் கண்ணை உருட்டினான். ஆறுச்சாமி பொய்யும் சொல்லலை, நிசமும் சொல்லலை. ரொம்ப தூரத்துலயிருந்து வந்தாங்க, நடந்து வந்தாங்க, பாதிப் பேரு செத்துட்டாங்க, மிச்சப் பேரு கட்டினதுன்னு சொன்னான். சின்னமனூரு மட்டும் வழியில எங்கேயோ விழுந்துபோச்சு. தெரேசாம்மா கேட்டுக்கேட்டு மறுபடி கண்ணைத் துடைச்சாக.

துடைச்சுட்டு, வாசல்ல கிடந்த பாயையும் சாக்கு மூட்டையையும் பார்த்தாக. நெத்தி சுருங்குச்சு. குச்சியால மூட்டையைத் தட்டி கபிரியேலுகிட்ட ஒரு கேள்வி கேட்டாக. கபிரியேல் திக்கினான். அப்புறம் பலமாத் தலையாட்டி ஒரு பதில் சொன்னான்.

"என்ன கேட்டாக? அவரு என்ன சொன்னாரு?"

ஆறுச்சாமி குரலைத் தாழ்த்தினான். "இந்த ஊடு இவங்களுதுதானேன்னு கேட்டாங்கக்கா. ஆமாங், இவங்க பரம்பரை ஊடு, இவங்களுதுதான், மழைக்கு முந்தி சுத்தம் பண்றதுக்குச் சாமானை வெளிய வெச்சிருக்காங்கன்னு சார் சொல்றாருங்க."

ஒரு நிமிசம் முருகேஸ்வரிக்குக் காலு வலிகூடத் தெரியலை. பிறந்ததுலயிருந்து இன்னைக்கு வரைக்கும் கண்காணி சொல்லியிருக்கான், ரைட்டர் சொல்லியிருக்கான், பழைய மொதலாளி, புது மொதலாளி, வந்தவன் போனவன் எல்லாம் சொல்லியிருக்கான், இது தோட்டத்து வீடு, உன் வீடு இல்லைன்னு. இது இவ வீடுன்னு ஒருத்தன் வாயிலயும் வந்ததில்லை.

"தமிழ்ல சொல்லச் சொல்லு."

"என்னங்கக்கா?"

"அவரு சொன்னதை எனக்கு விளங்குற மாதிரி, என் மூஞ்சியைப் பார்த்து, தமிழ்ல ஒரு தடவை சொல்லச் சொல்லு. இந்த அம்மா நிக்கும்போதே சொல்லணும். இல்லாட்டி இந்த மூட்டையை எதுக்குக் கட்டினேன்னு நானே சைகையில சொல்லுவேன். எனக்குக் கை இருக்கு."

கபிரியேலுக்கு அதை மொழிபெயர்க்க ஆளு தேவைப்படலை. அவன் அவளைப் பார்த்தான். தெரேசாம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா குச்சியை ஊனிக்கிட்டு என்ன நடக்குதுன்னு உத்துப் பார்த்துக்கிட்டிருக்காக.

"வீடு உங்களோடது சேச்சி"ன்னான் மெதுவா.

"கேக்கலை."

"வீடு உங்களோடதாணு!"

சோலை வாயிலயிருந்த பீடியை எடுத்துட்டான்.

தெரேசாம்மா போறதுக்கு முன்னாடி அவ கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாக. எழுதிப்போடுவேன்னு சொன்னதை எழுதியும் போட்டாக. ஆனா திட்டி இல்லை. அந்தப் போட்டோவையும் அந்த அஞ்சு வார்த்தையையும் போட்டு, சேவலை மன்னிச்சாச்சுன்னு எழுதினாகளாம். ரெண்டே நாள்ல ரிசார்ட்டுக்குப் போன் மேல போன். மொதலாளி கபிரியேலுக்குப் போன் போட்டு, அந்தப் பொம்பளையைப் பத்திரமா வச்சுக்கோன்னு சொல்லியிருக்காரு.

கபிரியேல் ஒரு பையோட வந்தான். இந்தத் தடவை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வந்தான்.

"சேச்சி, இனி நீங்க டூரிசம் ஸ்டாஃப். செக்ரோல்ல பேரு ஏறிடும். வீடு உங்க கையிலேயே. எங்கேயும் போகவேண்டா."

முருகேஸ்வரி சந்தேகமாப் பார்த்தா. இவன் சும்மா தர்ற ஆளா? "பையில என்ன?"

பையில நீளப் பாவாடை, வெள்ளைச் சட்டை, தலையில கட்ட ஒரு பூப்போட்ட துணி. பார்வை நேரத்துல இதைப் போட்டுக்கணும். பேரு மரியா. ஆளு வந்தா ஜன்னலைத் தொட்டு ஜன்னல், மேசையைத் தொட்டு மேசைன்னு அந்த வார்த்தைகளை மாத்திரம் சொல்லணும். வேற ஒண்ணும் பேசக்கூடாது. முக்கியமா, தமிழ் பேசவே கூடாது.

"அது தமிழ் இல்லாம என்னய்யா?" அவ போட்ட கூச்சல்ல அடுத்த வீட்டுக் கோழி பறந்துபோச்சு. "என் வாய்ல என் பேச்சு வரக்கூடாதுன்னா நான் என்ன சுவத்துல தொங்குற சேவலா? மரியாவாம்ல மரியா! எங்கப்பன் ஆத்தா சுருளித்தீர்த்தத்துல நேந்துக்கிட்டு வச்ச பேரு முருகேஸ்வரி. தூக்கிட்டுப் போய்யா உன் பாவாடையை!"

கபிரியேல் பையை மேசை மேல வச்சுட்டு, நாளைக்குச் சொல்லுங்கன்னுட்டுப் போயிட்டான். "கம்பத்து ரூமுக்காரன் வர்றோமா இல்லையான்னு நாளைக்குள்ள சொல்லச் சொன்னான்"னான் சோலை. அவ அவனை எரிச்சுப் போடுற மாதிரி பார்த்தா. அந்த ரூமை நினைச்சா. பகல்லயே இருட்டாக் கிடந்த அந்தச் சுவரை நினைச்சா. எந்திரிச்சுப் போயி பையை எடுத்து, பாவாடையை உதறி, இடுப்புல வச்சுப் பார்த்தா. இடுப்பு பத்தலை. ஊசி நூலை எடுத்துக்கிட்டு, வாயில வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கிட்டே ராத்திரி சமையலுக்கு முன்னாடி அதைப் பிரிச்சுத் தைச்சு முடிச்சா.

மழை விட்டதும் கூட்டம் வர ஆரம்பிச்சுது. வெளிநாட்டுக்காரக வந்தாத் தேவலை. ஜன்னலு, மேசைன்னா கைதட்டிட்டுப் போயிருவாக. அவுகளுக்குத் தெரியாதுன்னு இவ வாய்க்குள்ளேயே நல்லாத் திட்டிக்கிடலாம். வடக்கத்தியாளுகளும் பரவாயில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை வேன்ல வந்து இறங்கினாக ஒரு குடும்பம். பேச்சைக் கேட்டதுமே அவ தலைத்துணியை நெத்தி வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டா. அசல் தேனிப் பக்கத்துப் பேச்சு.

அவ வயசுல ஒரு பொம்பளை முதல்ல உள்ளே வந்தா. சுங்கடிச் சேலை, மூக்குத்தி, நெத்தியில திருநீறு. வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, இவளைப் பார்த்தா. பார்த்தவ பார்த்தபடி நின்னுட்டா.

"ஏங்க, இங்கிட்டு வாங்களேன். இந்த அம்மாவைப் பாருங்களேன். அசலு நம்ம சின்னமனூரு சித்தி மாதிரியே இல்ல?"

புருசன்காரன் எட்டிப் பார்த்துட்டு, "அவுக போர்ச்சுகல்காரக. போர்டுல போட்டிருக்குல்ல"ன்னான்.

"எந்த ஊர்க்காரகளா இருந்தா என்ன, காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு. நிக்க முடியாம நிக்குது, பாவம். யாரு பெத்த பிள்ளையோ. நொச்சியைக் காய்ச்சி ஊத்தி, எண்ணெயைப் போட்டு நீவிவிட்டா ரெண்டு வாரத்துல வத்திரும். இங்க இதுக்கு யாரு இருக்கா செய்ய?" அந்தப் பொம்பளை கிட்ட வந்து இவ தோளைத் தொட்டா. சத்தமா, விட்டு விட்டுக் கேட்டா, காது கேக்காதவககிட்டக் கேக்குற மாதிரி. "உக்காருங்கம்மா. காலு வலிக்குதா? வலி? வலி?"

முருகேஸ்வரி வாயைத் திறக்கப் போனா. ஆமா தாயி, வலிக்குது. ராத்திரியெல்லாம் வலிக்குது. நொச்சி போட்டுப் பார்த்தேன் கேக்கலை. எங்க பாட்டன் சின்னமனூருதான், உங்க சித்தி வீடு எந்தத் தெரு, ஒருவேளை நாம சொந்தமாக்கூட இருப்போம். எல்லாம் நாக்கு நுனியில நிக்குது. வாசல்ல கபிரியேலு நிழலு. அவன் சும்மாதான் நிக்குறான். வீட்டுச் சுவரு, கூரை, அவ ஆத்தா படுத்துக் கிடந்த அந்த மூலை, எல்லாம் அவளைச் சுத்தி நிக்குது.

அவ பக்கத்துல இருந்ததைத் தொட்டா.

"மேசை"ன்னா.

அந்தப் பொம்பளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்க, கேட்டீகளா? மேசைங்குது! நம்ம பாஷையை எம்புட்டு அழகாக் கத்துக்கிட்டிருக்கு பாருங்களேன்!" இவ ரெண்டு கன்னத்தையும் தடவித் திருஷ்டி கழிச்சு, விரலை நெத்தியில வச்சு நெட்டி முறிச்சா. "ரொம்ப நல்லாப் பேசுறீக தாயி. இன்னும் நாலு வார்த்தை கத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு, புருசனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போனா.